பத்மநாபபுரமும் குமரிக் கரையும்

நவராத்திரி தொடங்கும் தறுவாயில், திருவனந்தபுரத்தில் கரமனைச் சாலையின் இரு மருங்கிலும் மக்கள் கூடி நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். தெற்கேயிருந்து ஓர் ஊர்வலம் வருகிறது. யானைமீது சரசுவதி தேவி வருகிறாள். பல்லக்கில் வேளிமலைக் குமாரசுவாமி வருகிறார். மற்றொரு பல்லக்கில் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை வருகிறாள். மலையாளிகள் வீட்டு வாயிலில் விளக்கேற்றி வைத்துக் கைகூப்புகிறார்கள். தமிழர்கள் தெருவில் கோலமிட்டுத் தேங்காய் உடைத்துக் கைகூப்புகிறார்கள். சரசுவதி கோட்டைக்ககத்து நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் ஒன்பது நாள் தங்கியிருந்து, விஜயதசமிக்குப் பின் வந்த வழியே திரும்பிச் செல்கிறார்கள்.

இந்நகரில் பிழைப்பை நாடி வந்து குடியேறிய தமிழராகிய நாம் இந்த ஊர்வலத்தைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால், இத்தெய்வங்கள் எங்கிருந்து வருகின்றன, எதற்காக இவ்வளவு தொலைவு வருகின்றன என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். அக்கேள்விக்கு விடை காணும் பொருட்டே, தெய்வங்கள் வரும் வழியைப் பின்பற்றித் தெற்கு நோக்கி ஒருநாள் நாம் புறப்பட்டோம். அவர்களுக்கு மூன்று நாள் எடுக்கும் வழி. பேருந்தில் செல்லும் நமக்கு இரண்டு மணி நேரம்.

நெய்யாற்றின்கரையைக் கடந்தோம். பாறசாலையைக் கடந்தோம். களியக்காவிளையில் கேரளத்தின் எல்லை முடிந்து தமிழ்நாட்டின் எல்லை தொடங்குகிறது. பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. ஆயினும், வாழைத் தோட்டமும், ஓட்டு வீடும், சாலையோரத்துத் தேநீர்க் கடையும் மாறவில்லை. கடையில் நின்றவர்கள் பேசிய தமிழில் மலையாளமும், பாறசாலையில் கேட்ட மலையாளத்தில் தமிழும் கலந்திருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் இங்கே மாநில எல்லை என்பதே இல்லை. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தினின்றும் பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன.

குழித்துறையில் ஆற்றைக் கடந்து தக்கலையை அடைந்தோம். ஞானப் பாடல்களைத் தமிழில் பாடிய சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா அடக்கமாகியிருப்பது இந்த ஊரில்தான். அவருடைய ஞானப் புகழ்ச்சியை ஆண்டுதோறும் இங்கே கூடி ஓதுகிறார்கள். தக்கலையிலிருந்து சிறு தொலைவில், வேளிமலையின் அடிவாரத்தில், கருங்கல் மதில் ஒன்று நம்மை எதிர்கொண்டது. அதுவே பத்மநாபபுரம்.

கோட்டையும் ஊரும்

கோட்டை என்றதும் நமக்குச் செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வரும். இது அத்தகைய கோட்டையன்று. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் 185 ஏக்கர் நிலம் அடங்கியிருக்கிறது. அதற்குள் தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீலகண்டசுவாமி கோயில் இருக்கிறது. சிவராத்திரியன்று பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடி வழிபடும் அடியார்கள் வந்து வணங்கும் தலங்களுள் அதுவும் ஒன்று. மரச் சிற்பங்களில் இராமகாதையைச் சொல்லும் இராமசுவாமி கோயிலும் இருக்கிறது. அரசன் போய்விட்டான், ஊர் போகவில்லை.

ஜப்பான் நாட்டில் இத்தகைய ஊர்களைக் கோட்டையடி ஊர் என்று பொருள்படும் சொல்லால் வழங்குவார்கள். சிற்றரசன் ஒருவன் கோட்டை கட்டுவான். அதன் அடியில் போர்வீரர் தெருவும் வணிகர் தெருவும் கைவினைஞர் தெருவும் உருவாகும். அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஹாகி என்பது அவற்றுள் புகழ் பெற்றது. 1600இல் நடந்த செகிகஹாரா போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த மோரி குலத்தார், தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு குன்றின் அடியில் 1604இல் கோட்டை கட்டத் தொடங்கினர். இரண்டரை நூற்றாண்டு அங்கிருந்தே ஆண்டனர். 1863இல் தலைமையிடம் யாமாகுச்சி என்னும் உள்நாட்டு ஊருக்கு மாறிற்று. தலைமை அகன்றதால் ஹாகியின் பழைய தெருக்கள் மாறாமல் நின்றன. 2015இல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது.

பத்மநாபபுரத்தின் கதையும் இதனை ஒத்ததே. கல்குளம் என்னும் பழம்பெயர் பெற்ற இவ்வூரில், 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் அரண்மனை கட்டினார் என்பர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அதனை விரித்துப் புதுப்பித்தார். சிதறிக் கிடந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் ஒரே அரசாக ஆக்கியவர் அவரே. 1750 ஜனவரியில் அவர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்தார். இனி நாடு இறைவனுடையது. தாம் பத்மநாபதாசன் மட்டுமே என்று முறை வகுத்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆயிற்று. பின்னர் நாடு வடக்கே கொச்சி எல்லைவரை விரிந்தபோது, தென்கோடியில் அமைந்த தலைநகர் ஆட்சிக்கு வசதிப்படவில்லை. கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. அரசன் குடிபெயர்ந்தான், அவன் வழிபட்ட தெய்வங்கள் தத்தம் ஊரிலேயே இருந்தன. ஆகவேதான், நவராத்திரி பூசை புதிய தலைநகரில் நடக்கும்போது, தெய்வங்கள் பழைய தலைநகரிலிருந்து நடந்து வருகின்றன. நாம் தேடி வந்த கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைத்தது.

ஹாகிக்கும் பத்மநாபபுரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஹாகியின் கோட்டை மாளிகை 1874இல் இடிக்கப்பட்டது. இன்று கல்தளமும் அகழியுமே எஞ்சியிருக்கின்றன. பத்மநாபபுரத்தில் மரத்தால் ஆன அரண்மனை அப்படியே நிற்கிறது.

மர மாளிகை

வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம். முதலில் இருப்பது பூமுகம். அதன் மேற்கூரையில் ஒன்றுக்கொன்று வேறான பூக்களைத் தச்சர் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே தொங்கும் குதிரை விளக்கு, எந்தத் திசையில் திருப்பினாலும் திருப்பிய நிலையிலேயே நிற்கும்படி அமைந்தது. மாடிப்படி ஏறினால் மந்திரசாலை. அரசன் அமைச்சருடன் கூடியிருந்த அறை இது. சன்னல்களில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்திருப்பதால் வெயில் உள்ளே தணிந்து வருகிறது. சிரட்டைக் கரியும், சுண்ணாம்பும், முட்டையின் வெண்கருவும் சேர்த்து இட்ட கருந்தரை இன்றும் பளபளக்கிறது. வெளியே சித்திரை வெயில் காய்ந்தாலும் உள்ளே தரை குளிர்ந்திருக்கிறது.

அரண்மனையின் மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம். நான்கு புறமும் கட்டடம் சூழ நடுவே முற்றம் உடைய நாலுகெட்டு வீடு அது. அதிலுள்ள ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று நிற்கிறது. அடி முதல் நுனி வரை நுண்ணிய வேலைப்பாடு. அத்தூணைப் பார்த்த நம் தோழர் ஒருவர், இதைச் செய்த ஆசாரியின் பெயர் எங்கேனும் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். நாம் பார்த்த வரையில் எழுதியிருக்கவில்லை. அரசர்களின் பெயரை வரலாறு வரிசையாகச் சொல்கிறது. உளி பிடித்தவனின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறது.

நான்கு அடுக்குள்ள உப்பிரிக்கை மாளிகை மார்த்தாண்ட வர்மாவின் காலத்தது. அதில் மூலிகை மரத் துண்டுகள் பலவற்றை இணைத்துச் செய்த கட்டில் இருக்கிறது. உச்சி அறை அரசனுக்கு உரியதன்று, பத்மநாபசுவாமிக்கு உரியது. அதன் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். நாடு இறைவனுடையது என்று சொன்ன அரசன், தன் வீட்டிலும் மேல்மாடியை இறைவனுக்கே விட்டுவிட்டான். நவராத்திரிப் பயணம் தொடங்கும்போது அரச உடைவாளை எடுத்து ஒப்படைக்கும் சடங்கும் இம்மாளிகையில்தான் நடக்கிறது. அவ்வாள் தெய்வங்களுக்கு முன்னே செல்லும்.

அடுத்து நவராத்திரி மண்டபம். மர மாளிகையின் நடுவே இது மட்டும் கருங்கல்லால் ஆனது. முகம் தெரியும் அளவுக்கு மெருகேறிய தரை. அருகே சரசுவதி கோயில். இக்கோயிலில் இருக்கும் சரசுவதி, கம்பர் வழிபட்ட திருவுருவம் என்றும், அவர் தம் இறுதிக் காலத்தில் சேர அரசனிடம் அதனை ஒப்படைத்து, நவராத்திரி வழிபாடு தடையின்றி நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். திருவனந்தபுரத்தில் அந்த ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கீர்த்தனங்கள் இசைக்கப்படுகின்றன. தமிழ்ப் புலவனின் தெய்வம் என்று மக்கள் நம்பும் ஒரு திருமுன்னில், மலையாள நாட்டு அரசன் இயற்றிய கீர்த்தனங்கள் ஒலிக்கின்றன. எது யாருடையது என்று பிரித்துச் சொல்லுதல் எளிதோ?

இவ்வளவையும் வியந்து வந்த நாம், ஊட்டுப்புரையில் சற்று நின்றோம். கீழும் மேலுமாக நீண்ட இரண்டு கூடங்கள்; கூடத்துக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் ஒரே வேளையில் அமர்ந்து உண்ணலாம். அங்கே இலை போட்டது அந்தணர்க்கு. அதே நாட்டில், அந்த இலைக்கு நெல் விளைவித்த குடிகளுள் பலர் பொதுத் தெருவில் நடக்கவும், கோயிலில் நுழையவும், பெண்கள் தோளை மூடி ஆடை அணியவும் உரிமையற்றிருந்தனர். தோள்சீலை உரிமைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் 1822 முதல் 1859 வரை போராடினர். 1859இல்தான் அரசாணை வந்தது. கோயில் நுழைவுக்கு 1936 நவம்பர் 12ஆம் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. அரண்மனையின் அழகைச் சொல்லும்போது இதனையும் சேர்த்தே சொல்லுதல் வரலாற்றுக்கு முறையாகும்.

உதயகிரியில் ஒரு கல்லறை

பத்மநாபபுரத்திலிருந்து சிறிது தொலைவில், புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அது அரசன் வாழ்ந்த இடம். இது படை வாழ்ந்த இடம். ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள கோட்டைக்குள் ஒரு குன்றும் அடங்கியிருக்கிறது. இங்கே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. ஹாகியிலும் பீரங்கி வார்க்க 1856இல் ஓர் உலை கட்டிப் பார்த்தார்கள். அதன் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அயல்நாட்டுக் கப்பல்களைக் கண்ட சிற்றரசுகள் யாவும், உலகின் எந்த மூலையில் இருந்தாலும், முதலில் தேடியது பீரங்கி உலையைத்தான் போலும்.

இப்போது தமிழ்நாட்டு வனத்துறையின் பூங்காவாக விளங்கும் இக்கோட்டைக்குள், கூரையிழந்த பழைய தேவாலயம் ஒன்றில் டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். யூஸ்டேசியஸ் டிலனாய் டச்சுக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டவர். மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லவில்லை, திருப்பியனுப்பவும் இல்லை. தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தரும் பொறுப்பை அளித்தார். டிலனாய் அதனை ஏற்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டுக்கு உழைத்தார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர். 1777இல் இறந்தார். மனைவியும், போரில் மாண்ட மகனும் அருகிலேயே உறங்குகின்றனர்.

அக்கல்லறையின்மேல் குனிந்து பார்த்தோம். இலத்தீனில் ஒரு வாசகம். அதனுடன் தமிழிலும் ஒரு வாசகம். ஐரோப்பாவில் பிறந்து, கடல் கடந்து வந்து, பகைவனாகப் பிடிபட்டு, படைத்தலைவனாகி இறந்தவனின் நினைவை இந்த மண்ணில் எழுத வேண்டியபோது, தமிழ் எழுத்தை நாடினார்கள். அன்றைய தென் திருவிதாங்கூரில் தமிழ் வந்தேறிய மொழியன்று, ஊராரின் மொழி. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் தம் மொழியைப் பற்றிக் கூச்சமோ சினமோ கொள்ளும் நேரங்களில் இக்கல்லை நினைத்துக் கொள்ளலாம்.

இதே கோட்டையைச் சேர்ந்த மற்றொரு கதையும் உண்டு. அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் 1745இல் கிறித்தவராகித் தேவசகாயம் என்னும் பெயர் பெற்றார். அதன்பின் சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே மாதத்தில் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அயல்நாட்டுக் கைதியைத் தளபதியாக்கிய அதே அரசுதான் சொந்த அலுவலரைக் கொன்றது. ஓர் அரசின் நெஞ்சில் இடம் எவ்வளவு அகலம், எவ்வளவு குறுகல் என்பதை இவ்விரண்டு கதைகளும் சேர்ந்தே காட்டுகின்றன.

குளச்சல் கடற்கரை

உதயகிரியிலிருந்து குளச்சலை அடைந்தபோது உச்சி வெயில். கட்டுமரங்களும் இயந்திரப் படகுகளும் கரையேறியிருந்தன. மீன் விலை பேசும் குரல்கள் கேட்டன. இந்தக் கரையில்தான் 1741 ஆகஸ்டில் ஐரோப்பிய வல்லரசு ஒன்று இந்திய அரசன் ஒருவனிடம் தோற்றது.

போருக்குக் காரணம் மிளகு. கொச்சியில் நிலை கொண்டிருந்த டச்சுக் கம்பெனி, மலையாளக் கரை மிளகைத் தானே வாங்க வேண்டும், பிறர் வாங்கலாகாது என்று விரும்பியது. சிற்றரசர் பலராகப் பிரிந்து கிடக்கும் வரையில் அது எளிது. மார்த்தாண்ட வர்மா அவர்களை ஒவ்வொருவராக வென்று வடக்கே முன்னேறியது கம்பெனிக்கு உவப்பாக இல்லை. 1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாப் நேரில் வந்து பேசியும் உடன்பாடு ஏற்படவில்லை. பின்னர் இலங்கையிலிருந்து கப்பலில் வந்த படை குளச்சலில் இறங்கிற்று. கரையோர ஊர்கள் அல்லலுற்றன. அரசன் வடக்கேயிருந்து விரைந்து வந்து முற்றுகையிட்டான். டச்சுப் படை சரணடைந்தது. 1753இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கையில், அரசனின் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது.

இங்கேயும் ஜப்பானின் நினைவு வருகிறது. சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1641இல், ஜப்பானிய அரசு இதே டச்சுக் கம்பெனியை நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்னும் செயற்கைத் தீவுக்குள் அடக்கி வைத்தது. வாணிகம் செய்யலாம், உள்நாட்டில் கால்வைக்கலாகாது என்பது கட்டளை. ஜப்பான் வேலி கட்டித் தடுத்தது. திருவிதாங்கூர் போரில் தடுத்தது. ஆனால் ஜப்பான் தப்பியது போலத் திருவிதாங்கூர் தப்பவில்லை. டச்சுக்காரரை வென்ற அரசு, அடுத்த தலைமுறைகளில் ஆங்கிலேயரின் நட்பை நாடி, 1795, 1805 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அவர்களுக்குக் கட்டுப்பட்டது. ஒரு வெற்றி எல்லா ஆபத்தையும் நீக்கிவிடாது.

குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. அதனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றிப் பேசாதவர் இக்கரையில் இல்லை. ஆழிப்பேரலை அன்று குளச்சலிலும் அதனை அடுத்த ஊர்களிலும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கடலையே நம்பி வாழும் மக்கள். அரசர்களின் போரிலும் முதலில் அடிபட்டது இக்கரை மக்கள்தாம். கடலின் சீற்றத்திலும் அவர்கள்தாம். ஆனாலும் மறுநாள் வலையைச் செப்பனிட உட்கார்ந்தவர்களும் அவர்களே.

நிலத்தின் நுனி

கரையோரமாகக் கிழக்கே சென்றோம். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து முடியும் இடம் தெரிகிறது. அதன் இடைவெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய். பாண்டிநாட்டுக்கும் வேணாட்டுக்கும் இடையே படையும் வணிகமும் போய்வந்த வாயில் அது. தெற்கே கடல். இரண்டுக்கும் நடுவே குறுகிய சமவெளி. நெல்வயலும் தென்னையும் பனையும். இத்துண்டு நிலத்துக்காக எத்தனையோ அரசுகள் போரிட்டிருக்கின்றன.

வழியில் சாமித்தோப்பு. 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அய்யா வைகுண்டர், சாதிக் கொடுமைக்கு எதிராகக் குரலெழுப்பிய இடம் இது. அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு சென்று சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். தெய்வங்கள் மேளதாளத்துடன் செல்லும் அதே நகருக்குத்தான் அவரும் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். ஊட்டுப்புரையில் நாம் நினைத்தது இங்கே முழுமை பெற்றது.

குமரிக்கு வடகிழக்கே சிறிது தொலைவில் வட்டக்கோட்டை. கருங்கல்லால் ஆன இக்கடற்கோட்டையைத் தற்போதைய வடிவில் வலுப்படுத்திக் கட்டியவர் டிலனாய் என்பர். கல்லில் மீன் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மதில்மேல் ஏறி நின்றோம். அலை அடிவாரத்தில் வந்து மோதுகிறது. பின்னே திரும்பினால் மலை. முன்னே பார்த்தால் முடிவற்ற நீர். நாட்டைக் காக்க எழுப்பிய மதிலில் இன்று பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

பொழுது சாயும்போது கன்னியாகுமரியை அடைந்தோம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறையில் 1970இல் நினைவு மண்டபம் எழுந்தது. அடுத்த பாறையில் 133 அடி உயரமுள்ள வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. கரையில் தமிழும் மலையாளமும் இந்தியும் வங்காளமும் கேட்டன. நாட்டின் நுனியில் நாட்டின் எல்லா மொழியும் வந்து கூடுகிறது.

இது யாருடைய வீடு?

திரும்பும் வழியில் எங்களிடையே ஓர் உரையாடல் எழுந்தது. பத்மநாபபுரம் தமிழ்நாட்டில் இருக்கிறது; அதன் அரண்மனையோ 1956க்குப் பின்னும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இது முறையோ என்று ஒருவர் கேட்டார். நம் மண்ணில் பிறருடைய பூட்டு எதற்கு என்பது அவருடைய வாதம்.

அவருடைய உணர்ச்சி புரியாததன்று. இணைப்புக்காகத் திருவிதாங்கூர்த் தமிழர் நேசமணி முதலியோர் தலைமையில் போராடினர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்தத் தியாகத்தால் கிடைத்த மாவட்டம் இது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வரண்மனையை இவ்வளவு காலம் கறையான் தின்னாமலும், ஓடு பெயராமலும் காத்தவர்கள் அதனைத் தம் முன்னோரின் வீடாக நினைத்தவர்கள். அங்கே பணிபுரிவோருள் இரு மொழியினரும் இருக்கின்றனர். நவராத்திரிப் பயணம் புறப்படும்போது இரு மாநிலக் காவலர்களும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். களியக்காவிளையில் ஒரு மாநிலத்தார் வழியனுப்ப, மற்றொரு மாநிலத்தார் எதிர்கொள்கிறார்கள். நிலத்தைப் பிரிக்கலாம், அதற்கு நியாயமும் உண்டு. வரலாற்றைப் பிரித்தால் இரு பக்கத்திலும் பாதிதான் மிஞ்சும். 2014இல் இவ்வரண்மனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோது, அது இந்தியாவின் பெயரால் இடம்பெற்றது.

இவ்விஷயத்தில் வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு மற்றவர்களைவிட அக்கறை அதிகம். பம்பாயிலோ டில்லியிலோ பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ வாழும் நாம், இந்த ஊர் நமக்கு எவ்வளவு சொந்தம் என்னும் கேள்வியோடு வாழ்கிறோம். தமிழ்நாட்டு மண்ணில் மலையாளிகளின் நினைவுக்கு இடமில்லை என்று நாம் சொன்னால், மலையாள மண்ணில் நம் நினைவுக்கு இடம் கேட்பது எப்படி? தமிழ்நாட்டின் ஒவ்வொரு விழாவிலும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் பாயிரத்தில் உள்ளது. அதை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராயிருந்து, 1897இல் அங்கேயே மறைந்தவர். திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆராய்ந்த முன்னோடியும் அவரே. தமிழுக்கு வாழ்த்தும், மலையாள நாட்டுக்கு வரலாறும் ஒரே கையால் எழுதப்பட்டன.

இரவு கரமனையை அடைந்தபோது சாலை அடங்கியிருந்தது. அடுத்த நவராத்திரியில் இங்கே நிற்கும்போது நம் பிள்ளைகள் கேட்பார்கள். தேவி எங்கிருந்து வருகிறாள் என்றால், பழைய தலைநகரிலிருந்து என்று சொல்லலாம். எதற்காக வருகிறாள் என்றால், ஊர் மாறினாலும் முறை மாறலாகாது என்பதற்காக என்று சொல்லலாம். தேவி இந்த ஊருக்கு விருந்தாளியா, இந்த ஊர்க்காரியா என்று அவர்கள் கேட்டால், அவர்களையே ஒருநாள் பத்மநாபபுரத்துக்கு அழைத்துச் செல்வோமாக. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மற்ற நாள்களில் வாயில் திறந்திருக்கும்.